டிவிடி படத்த சிடிக்குள்ள கொண்டு வர்றது எப்படி: எம்பிய பாக்காதீங்க, நிமிஷத்த பாருங்க

குலசேகரத்துல எங்க பெரியம்மா வீட்ல ஒரு விசிடி பிளேயர் இன்னும் ஓடிட்டு இருக்கு. பெரியப்பா ஆசையா வாங்கி வச்சது, அவரு போயி இப்ப ஒம்பது வருஷம் ஆச்சு, அந்த பிளேயரையும் பழைய பெட்டி டிவியையும் மாத்தணும்னு யாரு சொன்னாலும் பெரியம்மா சம்மதிக்க மாட்டாங்க. ஓணம் லீவுக்கு போயிருந்தப்ப பீரோல இருந்து அண்ணன் கல்யாண டிவிடிய எடுத்து என் கையில தந்து, "மக்களே, இந்த தட்டு நம்ம பெட்டில ஓட மாட்டேங்கு, நோ டிஸ்க்னு காட்டுகு, ஒனக்கு இதெல்லாம் தெரியும்லா, சிடில மாத்தி தா"ன்னு கேட்டாங்க. மாத்தி தந்தேன். அத சொன்னதும் சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு எங்க வீட்லயும் இப்படி கிடக்கு, எப்படி பண்ணணும்னு கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் வெளங்குற மாதிரி எழுதிடலாம்னு தான் இது.

முதல்ல எல்லாரும் கேக்குற கேள்வி, ரெண்டும் பாக்க ஒரே தட்டு தான, ஒரே அளவு தான, ஏன் ஒண்ணு ஓடுது ஒண்ணு ஓடல. ரெண்டும் 12 சென்டிமீட்டர் தான், சரி. ஆனா உள்ள எழுதியிருக்க வரி இருக்கே, சிடில ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடில அது 0.74 மைக்ரான், பாதிக்கும் குறைவு. எழுத்தும் பொடி எழுத்து. அத படிக்க பொடி வெளிச்சம் வேணும், டிவிடி லேசர் 650 நானோமீட்டர், சிடி லேசர் 780. பெரியம்மா பிளேயர்ல இருக்கது 780 மட்டும் தான், அதனால டிவிடிய உள்ள போட்டா அதுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, தட்டே இல்லன்னு சொல்லிடும். பிளேயர் கெட்டுப்போகல, லென்ஸ துடைச்சாலும் சரியாகாது. டிவிடி பிளேயர்கள்ல பெரும்பாலும் ரெண்டு லேசரும் இருக்கும், அதனால தான் அது சிடியையும் படிக்குது.

அடுத்தது அளவு. டிவிடி டப்பால 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல போட்டா 4.38ன்னு தான் காட்டும், ஏமாத்தல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், கம்ப்யூட்டர் 1024, 1024ஆ எண்ணுது, அவ்வளவு தான். ரெண்டு அடுக்கு டிவிடின்னா 8.5 ஜிபி. பிளாங்க் சிடில 650 எம்பி, 700 எம்பி ரெண்டு வகை உண்டு, இப்ப கிடைக்கிறது எல்லாம் 700 தான். அண்ணன் கல்யாண டிவிடி 4.2 ஜிபி இருந்துச்சு, 3 மணி 20 நிமிஷம் ஓடும், அதாவது 200 நிமிஷம், இந்த 200ங்கிற நம்பர மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இத வச்சு தான் சொல்லப்போறேன்.

இப்ப சாதாரணமா யாருக்கும் என்ன தோணும், 4.2 ஜிபிய 700 எம்பியால வகுத்தா 6 வந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, அப்ப 7 சிடில துண்டு துண்டா வெட்டி போட்டுடலாம்னு. வெட்டி போடலாம், ஆனா அது அரிசி மூட்டைய ஏழு பையில பிரிச்சு வைக்கிற மாதிரி, இடம் மாறுமே தவிர அரிசி அரிசியா தான் இருக்கும். உள்ள இருக்கது எம்பெக் 2 அப்படிங்கிற வகை, பெரியம்மா பிளேயருக்கு எம்பெக் 1 மட்டும் தான் தெரியும். அதனால வெட்டுனா மட்டும் போதாது, வேற வகையா மாத்தி எழுதணும், அப்படி மாத்தி எழுதுறப்ப தான் சுருக்குறதும் நடக்குது. இதுக்கு பேரு என்கோட் பண்றது.

சுருக்குறதுன்னா என்னன்னு கொஞ்சம் நின்னு பாப்போம், ஏன்னா இது வெளங்கிட்டா மத்ததெல்லாம் தானா வெளங்கும்.

சுருக்கம் ரெண்டு வகை. பஞ்சு மெத்தைய அமுக்கி கயிறு போட்டு கட்டுனா சின்னதாகும், கயித்த அவுத்தா பழையபடி மெத்தை. கம்ப்யூட்டர்ல ஜிப் ஃபைல் அந்த வகை. இன்னொரு வகை கருவாடு. குளச்சல்லயோ முட்டத்துலயோ கடற்கரைல மீன உப்பு போட்டு காய வைக்காங்கல்லா, எடை குறையும், நாள் கணக்குல இருக்கும், தூரமா கொண்டு போகலாம், எல்லாம் சரி, ஆனா அந்த கருவாட்ட தண்ணில ஊற வச்சா திரும்ப பச்ச மீனாகுமா? ஆகாது. வீடியோ சுருக்கம் கருவாடு வகை. போனது போனது தான். எது போனா நாக்குக்கு தெரியாதோ அத மட்டும் போக விடுறதுல தான் கைப்பக்குவம் இருக்கு.

டிவிடிக்குள்ள இருக்கதும் ஏற்கனவே காஞ்சது தான், இது நிறைய பேருக்கு தெரியாது. கணக்கு பாருங்க. நம்ம ஊரு டிவில இருக்க பால் (PAL) அப்படிங்கிற முறைல ஒரு படம் 720க்கு 576 புள்ளி, மொத்தம் 4,14,720 புள்ளி. புள்ளிக்கு ஒன்றரை பைட்டுன்னு வச்சா ஒரு படத்துக்கு 6 லட்சத்து 22 ஆயிரம் பைட். செகண்டுக்கு 25 படம், அப்ப செகண்டுக்கு 15 எம்பிக்கு மேல போயிடுச்சு. 200 நிமிஷம்னா 12,000 செகண்ட், பெருக்குனா 186 ஜிபி! அத்தனையையும் சுருக்கி சுருக்கி தான் ஸ்டூடியோக்காரங்க 4.2 ஜிபில கொண்டு வந்திருக்காங்க, 40ல ஒரு பங்கு. நாம இப்ப அந்த கருவாட்ட எடுத்து பொடிக்கப் போறோம். அதனால தான் சொல்றேன், கல்யாணம் எடுத்த பழைய டேப் எங்கயாவது பரண்ல கிடந்து அத ஓட்ட கேமராவும் கிடைச்சா டிவிடிய விட்டுட்டு அதுல இருந்து எடுங்க, அது கொள்ளாம். எங்களுக்கு டேப் கிடைக்கல.

40ல ஒரு பங்கா எப்படி ஆக்குறான்? நீங்க கன்னியாகுமரி கடற்கரைல ஸ்டாண்ட போட்டு கேமராவ வச்சு காலைல சூரியன் வர்றத எடுக்குறீங்கன்னு வைங்க. 133 அடி திருவள்ளுவர் சிலை அசையாது, பாறை அசையாது, விவேகானந்தர் மண்டபம் அசையாது, வானம் பைய பைய நிறம் மாறும், அவ்வளவு தான். முதல் படத்த முழுசா எழுதிட்டு அடுத்த படத்துக்கு "சிலை முன்ன இருந்தபடி, பாறை முன்ன இருந்தபடி, அலை மட்டும் இப்படி"ன்னு வித்தியாசத்த மட்டும் எழுதுனா போதும்லா. எம்பெக் முறையோட அடிப்படையே இது தான். முழுசா எழுதுற படத்துக்கு ஐ ஃபிரேம்னு பேரு, முன்ன வந்தத பாத்து வித்தியாசம் எழுதுறது பி ஃபிரேம், முன்னயும் பின்னயும் ரெண்டு பக்கமும் பாத்து எழுதுறதும் ஒண்ணு உண்டு. ரெண்டு மூணு விஷயம் இதோட சேந்து நடக்கும். படத்த 8க்கு 8 புள்ளி கட்டமா பிரிச்சு, கண்ணுக்கு தெரியாத பொடி விவரத்த உதிர்க்கிறது ஒண்ணு. நம்ம கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நல்லா தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது, அதனால நிறத்த நாலு புள்ளிக்கு ஒரு தடவ மட்டும் எழுதுறது இன்னொண்ணு.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் வருது. எது அசையலயோ அது மலிவு, எது ஒழுங்கில்லாம அசையுதோ அது செலவு. தண்ணி தான் இருக்கதுலயே பெரிய செலவு. அண்ணனும் மைனியும் திற்பரப்பு அருவிக்கு முன்னால நின்னு எடுத்த அவுட்டோர் ஷாட் இருக்கு, பாட்டு போட்டு ஸ்லோ மோஷன் எல்லாம் பண்ணி வச்சிருக்காங்க, அந்த அருவில ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சம்பந்தமே இருக்காது, எல்லாத்தையும் புதுசா எழுதணும், எழுத இடம் பத்தலன்னா படம் கட்டம் கட்டமா உடையும். மழை, பூ தூவுறது, பட்டாசு, கூட்டத்துக்குள்ள கேமராவ வச்சு சுத்துறது, எல்லாம் இதே கத தான். பந்தில வரிசையா உக்காந்து சாப்பிடுறது மலிவு.

சரி, இப்ப தலைப்புக்கு வர்றேன். ஒரு சிடில எவ்வளவு படம் பிடிக்கும்? குளத்த நினைச்சுக்கோங்க, நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு குளத்த பத்தி சொல்லவே வேண்டாம். சிடி ஒரு குளம், 700 எம்பி தண்ணி, கூடாது குறையாது. மடைய எவ்வளவு திறக்கோமோ அது பிட்ரேட், செகண்டுக்கு எத்தன கிலோபிட் போகுதுன்னு. மடைய அகலமா திறந்தா வயல்ல தண்ணி நல்லா நிக்கும், படம் தெளிவா இருக்கும், ஆனா சீக்கிரம் குளம் வத்தும், கொஞ்ச நிமிஷம் தான் பிடிக்கும். சின்னதா திறந்தா ரொம்ப நேரம் வரும், பயிரு வாடும். படத்தோட எம்பி எவ்வளவு இருந்துச்சுங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டிவிடி 4 ஜிபியோ 8 ஜிபியோ, 200 நிமிஷம்னா 200 நிமிஷம். எத்தன சிடின்னு முடிவு பண்றது நிமிஷம் தான். எம்பிய பாத்து பாத்து நிறைய பேரு குழம்புறதே இங்க தான்.

கணக்கு சுலபம். சிடி எத்தன எம்பியோ அத 8192ஆல பெருக்குங்க, படம் எத்தன செகண்டோ அதால வகுங்க, கிடைக்கிறது செகண்டுக்கு எத்தன கிலோபிட்னு. அதுல ஆடியோவுக்கு 128 கழிச்சா மிச்சம் படத்துக்கு. நம்ம 12,000 செகண்டுக்கு ஒரே சிடில போடணும்னா 478 வரும், 128 கழிச்சா 350. ரெண்டு சிடின்னா 955, கழிச்சா 827. மூணு சிடின்னா 1433, கழிச்சா 1305. டிவிடில இருந்தது எவ்வளவு தெரியுமா, ஏறத்தாழ 3000. அப்ப ஒரே சிடில போட்டா எட்டுல ஒரு பங்குக்கும் கீழ போகுது, முகம் எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிடும். இது ஏ.வி.ஐ ஃபைலா, எக்ஸ்விட் மாதிரி எம்பெக் 4 வகைல போடுறதுக்கான கணக்கு, யுஎஸ்பி எல்லாம் வந்த காலத்து டிவிடி பிளேயர் நிறைய இத ஓட்டும். விசிடிக்கு கணக்கு வேற, அதுவும் சொல்லுதேன்.

விசிடி அப்படிங்கிறது 1993ல வந்த முறை. எல்லாம் கட்டிப்போட்ட அளவு: 352க்கு 288 புள்ளி, செகண்டுக்கு 25 படம், படத்துக்கு 1150 கிலோபிட், ஆடியோவுக்கு 224. நீங்க எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது, மாத்துனா பழைய பிளேயர் திக்கும். மடைல ஒரே ஒரு துளை தான்னு வைங்க. புள்ளி கணக்குல டிவிடில நாலுல ஒரு பங்கு தான், அதனால பெரிய எல்இடி டிவில போட்டா மங்கலா தெரியும், பெரியம்மா வீட்டு பெட்டி டிவில பாத்தா நல்லாவே இருக்கும், அந்த டிவிக்கு அது போதும்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு, எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. 1150ம் 224ம் கூட்டுனா 1374 கிலோபிட். 700 எம்பி சிடி டப்பால 80 நிமிஷம்னும் போட்டிருக்கும். அந்த 1374 கிலோபிட்ட 80 நிமிஷத்துக்கு, அதாவது 4800 செகண்டுக்கு கணக்கு போட்டா 800 எம்பிய தாண்டுது, சிடில இருக்கதோ 700, எப்படி பிடிக்கும்? பிடிக்கும். சிடில இருக்கத சின்ன சின்ன துண்டா பிரிச்சு எழுதியிருப்பான், ஒரு துண்டுக்கு செக்டார்னு பேரு. ஒரு செகண்டுக்கு 75 செக்டார், 80 நிமிஷ சிடில 3,60,000 செக்டார். சாதாரண ஃபைல் எழுதுறப்ப ஒரு செக்டார்ல 2048 பைட் தான் நமக்கு, மிச்சத்துல பெரும்பங்கு பிழை திருத்துறதுக்கு ஒதுக்கி வச்சிருப்பான், ஏன்னா ஒரு எழுத்து தப்பா போனாலும் புரோகிராம் ஓடாது. வீடியோல ஒரு புள்ளி தப்பா தெரிஞ்சா யாருக்கு என்ன, அதனால விசிடில அந்த இடத்தையும் எடுத்து 2324 பைட்டா எழுதுறான். கணக்கு போட்டா ஏறத்தாழ 800 எம்பி. அந்த 1150ம் 224ம் சிடி ஒரு மடங்கு வேகத்துல ஓடுறதுக்குள்ள சரியா அடங்குற மாதிரி பொருத்தி வச்சிருக்காங்க. அதனால 80 நிமிஷ பாட்டு சிடில 80 நிமிஷ விசிடி படம் பிடிக்கும்! எம்பிய மறந்துட்டு சிடி டப்பால போட்டிருக்க நிமிஷத்த பாத்தா போதும்னு நான் சொல்றது இதுக்குத்தான். நம்ம 200 நிமிஷத்துக்கு மூணு சிடி, இடமும் மிச்சம் இருக்கும்.

எஸ்விசிடின்னு ஒண்ணு உண்டு, 480க்கு 576 புள்ளி, எம்பெக் 2, தெளிவு நல்லா இருக்கும், ஆனா உச்ச அளவுல போட்டா ஒரு சிடில 40 நிமிஷம் தான் வரும், அப்ப நமக்கு 5 சிடி ஆகும். பெரியம்மா பிளேயர் அத ஓட்டாது. அதனால அத விட்டுடுவோம்.

எத்தன சிடில போடணும்னு கேட்டா என் கருத்து இது தான்: சிடிக்கு சிக்கனம் பாக்காதீங்க. ஒரு காலத்துல மூணு மணி நேர படத்த ஒரே சிடில போட்டு தர்றேன்னு கடைகள்ல பெருமையா சொல்லுவாங்க, நானும் வாங்கி பாத்திருக்கேன், முகத்துல மூக்கு எங்க கன்னம் எங்கன்னு தெரியாது. ஒரு தட்டு கூட போனா போகட்டும். இந்த கல்யாண வீடியோல பெரியப்பா இருக்காரு. பந்தில இலை இலையா நடந்து "துவரன் வச்சாச்சா, அவியல் போதுமா"ன்னு ஒவ்வொருத்தரையா கேட்டுட்டு வர்றாரு, அவரு குரல் இருக்கது இந்த ஒரு வீடியோல தான். அந்த முகம் கட்டம் கட்டமா உடைஞ்சா நான் எத்தன எம்பி மிச்சம் பிடிச்சு என்ன பிரயோஜனம்.

சரி, வேலைய எப்படி செய்யணும்னு வரிசையா சொல்லிடுறேன். டிவிடிய கம்ப்யூட்டர்ல போட்டா விடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், உள்ள விஓபின்னு முடியுற ஃபைல் தான் படம், ஒவ்வொண்ணும் 1 ஜிபிக்கு மேல போகாம துண்டு துண்டா இருக்கும். ஃபோல்டர அப்படியே ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணுங்க, தட்டுல வச்சே வேலை செய்யாதீங்க, கீறல் இருந்தா பாதில நிக்கும். கல்யாண டிவிடி, கோயில் கொடை, சர்ச் திருவிழா, பிள்ளைங்க ஸ்கூல் ஆண்டு விழா இதுலெல்லாம் பூட்டு இருக்காது. கடைல வாங்குற சினிமா டிவிடில பூட்டு இருக்கும், அத உடைச்சு காப்பி போட்டு நாலு பேருக்கு கொடுக்கிறதும் விக்கிறதும் காப்புரிமை சட்டப்படி குத்தம், ஒரு படத்துக்கு எத்தன பேரு உழைச்சிருப்பாங்கன்னு நினைச்சாலே அது சரியில்லன்னு தெரியும், அதனால நான் சொல்றது முழுக்க நம்ம வீட்டு டிவிடிக்கு.

விசிடிக்கு எஃப்எஃப்எம்பெக் அப்படிங்கிற இலவச மென்பொருள்ல பால் விசிடின்னே ஒரு அமைப்பு இருக்கு, அத சொல்லிட்டா புள்ளி, பிட்ரேட், ஆடியோ எல்லாத்தையும் அதுவே சரியா வச்சுக்கும். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள் தான், ஆனா அது விசிடி வகைல எழுதாது, எம்பி4 மாதிரி தான் தரும், பிளேயரும் டிவியும் புதுசா இருக்கவங்க அத வச்சுக்கலாம்.

ரெண்டு இடத்துல கவனம் வேணும். ஒண்ணு, கல்யாண வீடியோவ கேமரா ஒரு படத்த ரெண்டு பாதியா, ஒத்தப்படை வரி தனியா ரெட்டப்படை வரி தனியா எடுத்திருக்கும். அப்படியே சுருக்குனா யாராவது வேகமா கைய ஆட்டுனா ஓரத்துல சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா வரும். விசிடிக்கு இதுல ஒரு வசதி, 576 வரில ஒரு பாதிய மட்டும் எடுத்தா சரியா 288 வரி, விசிடிக்கு வேண்டியதும் அதே 288, சீப்பும் போயிடும். அதனால முதல்லயே ஒரு பாதிய மட்டும் எடுக்கச்சொல்லுங்க. இன்னொண்ணு ஆடியோ. டிவிடில 48 கிலோஹெர்ட்ஸ், விசிடில 44.1. மாத்தாம விட்டா சில பிளேயர்ல சத்தமே ஒழுங்கா வராது. எக்ஸ்விட்ல போடுறவங்க ஆடியோவுக்கு ஏறி இறங்குற பிட்ரேட் வைக்காம ஒரே அளவா 128 வைங்க, இல்லன்னா ஒரு மணி நேரம் கழிச்சு வாய் ஒண்ணு சொல்லும் சத்தம் ஒண்ணு வரும். 128க்கு கீழயும் போகாதீங்க, நாதஸ்வரம் பொறுத்துக்கும், தவிலும் தாளமும் தண்ணிக்குள்ள வாசிச்ச மாதிரி ஆயிடும்.

எக்ஸ்விட் போடுறவங்களுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை. ரெண்டு சிடிக்கு 827 கிலோபிட் வந்துச்சுல்லா, அந்த அளவுக்கு 640க்கு 480 வைக்காதீங்க, 512க்கு 384 வைங்க. பெரிய படத்துல கொஞ்ச தண்ணிய பரப்புனா எல்லா இடமும் காயும், சின்ன வயல்னா நிக்கும். மூணு சிடின்னா 640க்கு 480 தாங்கும். எந்த அளவு வச்சாலும் 16ஆல வகுபடணும், உள்ள 16க்கு 16 கட்டமா தான் அது வேலை செய்யும். அப்புறம் டூ பாஸ்னு ஒரு விருப்பம் இருக்கும், கண்டிப்பா அத போடுங்க. மடை திறக்கிறவரு முதல்ல வயல் எல்லாம் ஒரு சுத்து நடந்து எது காஞ்சு கிடக்கு எதுல தண்ணி நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் வந்து திறந்தா எப்படி இருக்கும், அது தான் டூ பாஸ். முதல் சுத்துல படம் முழுசும் பாத்து குறிச்சுக்கும், ரெண்டாவது சுத்துல அருவிக்கு கூட கொடுக்கும், பந்திக்கு குறைச்சு கொடுக்கும், மொத்தம் நீங்க சொன்ன எம்பிக்குள்ள நிக்கும். நேரம் ரெண்டு மடங்கு ஆகும். முன்னாடியெல்லாம் ராத்திரி போட்டுட்டு படுத்தா காலைல தான் முடியும், நடுவுல மழைக்கு கரண்ட் போச்சுன்னா முதல்ல இருந்து தொடங்கணும், அத நினைச்சா இப்பவும் எனக்கு மழை இரைச்சல் கேட்டதும் யுபிஎஸ் பக்கம் தான் கண்ணு போகும்.

எங்க வெட்டணும்ங்கிறது தனி விஷயம், இத மென்பொருள் சொல்லித்தராது. தமிழ் சினிமா விசிடி ரெண்டு தட்டா வந்தப்ப இடைவேளைல வெட்டுறது நமக்கு பழக்கம், படத்துலயே ஒரு மூச்சு விடுற இடம் இருந்துச்சு. கல்யாணத்துல இடைவேளை கிடையாது. 80, 80, 40ன்னு வெட்டுனா கணக்கு சரியா வரும், ஆனா நான் அப்படி முதல் தடவ வெட்டிப் பாத்தப்ப கெட்டிமேளம் தொடங்குற இடத்துல சிடி முடிஞ்சுது. தாலி கட்டுறப்ப பெரியம்மா எழும்பி போயி தட்டு மாத்தணுமா? வேண்டாம்னு திரும்ப உக்காந்து 72, 63, 65ன்னு பிரிச்சேன். முதல் தட்டுல மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு எல்லாரும் மண்டபத்துக்குள்ள போற வரைக்கும், ரெண்டாவதுல முகூர்த்தம், மூணாவதுல பந்தியும் அவுட்டோரும் மறுவீடும். ஒவ்வொரு தட்டு தொடங்குறப்பவும் முந்தின தட்டோட கடைசி நாலஞ்சு செகண்ட திரும்ப சேத்துக்கிட்டா பாக்குறவங்களுக்கு தொடர்ச்சி விடாது.

ரைட் பண்றப்ப நீரோ மாதிரி மென்பொருள்ல வீடியோ சிடின்னு இருக்க பகுதிய தான் எடுக்கணும், டேட்டா சிடியா போட்டா கம்ப்யூட்டர்ல ஓடும், பெரியம்மா பெட்டில ஓடாது, நிறைய பேரு தப்பு பண்றது இங்க தான். சரியா போட்டா சிடிக்குள்ள எம்பெக் ஏவின்னு ஒரு ஃபோல்டர் வந்து அதுல டாட் (DAT)னு முடியுற ஃபைலா படம் இருக்கும். வேகம் எவ்வளவு இருந்தாலும் 8 மடங்கு, இல்லன்னா 16 மடங்கு வேகத்துல எழுதுங்க, பழைய பிளேயர் பொறுமையா எழுதுனத தான் நல்லா படிக்கும். அழிச்சு அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ சிடி வேண்டாம், அது வெளிச்சத்த குறைவா தான் திருப்பி அனுப்பும், பழைய லேசருக்கு பத்தாது. பிளாங்க் சிடி இப்ப எல்லா கடைலயும் இல்ல, நாகர்கோவில் மீனாட்சிபுரம் பக்கம் மூணு கடை ஏறி இறங்கி ஒரு கட்டு வாங்கினேன்.

எழுதி முடிச்சதும் மேல பால்பாயிண்ட் பேனாவால எழுதிடாதீங்க. எல்லாரும் சிடிக்கு அடிப்பக்கம் தான் கீறல் படக்கூடாதுன்னு நினைக்காங்க. அடில ஒரு மில்லிமீட்டருக்கு மேல பிளாஸ்டிக் இருக்கு, எழுத்து இருக்கது மேல்பக்கத்துல, லேபிளுக்கு நேர் கீழ, ஒரு மெல்லிசு பூச்சுக்கு அடில. மேல ஆழமா ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்து படம் திரும்ப வராது. சிடி மார்க்கர் பேனா வச்சு பைய எழுதுங்க. வெயில் படுற ஜன்னல்ல வைக்காதீங்க, ரைட் பண்ற சிடில இருக்கது ஒரு சாயம், வெயில்ல வெளிறும். நம்ம ஊரு கடல் காத்துல உப்பும் ஈரமும் உண்டு, கடற்கரை ஓரம் வீடு இருக்கவங்க மூடி போட்ட டப்பால வைங்க. கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி கிடக்கட்டும், டிவிடிய தூக்கி போட்டுடாதீங்க, கருவாடு பண்ணியாச்சுன்னு மீன கடல்ல விட முடியாதுல்லா.

மூணு தட்டையும் கொண்டு போயி கொடுத்தேன். முதல் தட்ட போட்டதும் நோ டிஸ்க் வரல, ரெண்டு செகண்ட் சுத்திட்டு படம் வந்துது, அத பாத்ததும் தான் எனக்கு மூச்சு வந்துது. பெரியம்மா சொல்ல சொல்ல நான் மார்க்கர்ல எழுதினேன், ஒண்ணு அழைப்பு, ரெண்டு தாலி கட்டு, மூணு பந்தி. போன வாரம் போன் பண்ணி மூணாவது தட்டு மட்டும் இன்னொண்ணு அடிச்சு வச்சிரு மக்களே, தேஞ்சிரப் போகுன்னு சொன்னாங்க. லேசர் பட்டு தேயாதுன்னு நான் சொல்லல, ரெண்டு அடிச்சு வச்சிருக்கேன்.